மாட்டு உப்பு

காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் ஒன்பதேகாலுக்குள் மூன்று நோயாளிகளாவது வந்துவிடுவார்கள். நோயாளி நேரில் வராது. அதை வளர்ப்பவர்தான் வருவார். கோழி தூங்கி வழிகிறது, மாடு அசைபோடவில்லை, கன்றுக்குக் கழிச்சல் என்று வாசலில் நின்றபடியே சொல்வார்கள். தீவனக் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, இரண்டு கேள்வி கேட்டு, பின்னால் கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். கண்ணாடி இறங்கியதுமே பாதி நோய் போய்விட்டதாக வந்தவர்கள் நம்பினார்கள்.

ஊரில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்களே, அதை மனதில் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். அவருடைய மனைவிக்கு அந்தக் குத்தல் புரிந்தது. அவர் காதில் 'அரை' விழவே இல்லை. 'டாக்டர்' மட்டும்தான் விழுந்தது.

மனிதர் கெட்டவர் இல்லை. கொட்டுகிற மழையில் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். ஒரே ஒரு சொல்தான் அவர் வாயில் வராது. 'தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'சத்துக் குறைவு' என்று சொல்லிவிடுவார். அதற்கு ஏற்ற சத்து கடையில் எப்போதும் இருக்கும். கால்நடை மருத்துவமனை அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம்தான். ஆனால் அங்கே வரிசையில் நிற்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், டாக்டரம்மா கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இங்கே அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. நாற்பதைத் தாண்டிவிட்ட அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கணவன் இறந்த பிறகு அவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. நாலு செம்மறி ஆட்டில் ஆரம்பித்து, இப்போது முப்பத்தொரு பெட்டை ஆடு வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். வீட்டு அடுப்பும் மகளின் படிப்பும் அந்த ஆடுகளை நம்பித்தான் இருந்தன. போன வருஷம் பிறந்த குட்டிகளில் ஒன்பது, எழுந்து நிற்க முடியாமல் கால் விறைத்துச் செத்தன. தாயிடம் பால் இருந்தது. குட்டியால்தான் தாய் வரைக்கும் போக முடியவில்லை. ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பாலூட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

அதனால் இந்த வருஷம் ஆடுகள் இரண்டு மாதச் சினையானதுமே அண்ணனிடம் வந்தாள். தாய்க்குச் சத்து போதாததால்தான் குட்டி அப்படிப் பிறக்கிறது என்று அண்ணன் சொன்னார். அது என்னவோ உண்மைதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கிலோ கவர்களாக ஒரு பை நிறைய எடுத்து வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் தூள். மூட்டையில் வரும்போது அதற்குத் தாது உப்புக் கலவை என்று பெயர். அவர் அதைப் பிரித்துக் கிலோ கிலோவாகக் கட்டி விற்றபோது பெயரிலிருந்து 'தாது'வும் போனது, 'கலவை'யும் போனது. ஊரே அதை உப்பு என்றுதான் சொன்னது.

"இது மாட்டுக்குத்தானே போடுவாங்க? ஆட்டுக்கு ஒத்துக்குமாண்ணே?" என்று தங்கை கேட்டாள். அவள் கேட்டாள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

"ஆடுன்னா என்ன பாப்பா? சின்ன மாடு. அவ்வளவுதான்."

"எவ்வளவு போடணும்?"

"உப்புதானே. கைக்கு வந்த அளவு போடு. வேண்டாம்னா அதுவே நக்காம விட்டுடும்."

சின்ன மாடு என்ற பேச்சு கடையில் நின்றவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அவர்களில் ஒருவர் குடைக்காரர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் தெருவில் இறங்காத மனிதர். வீட்டில் எட்டுச் செம்மறி வைத்திருந்தார். அவரும் தன் சின்ன மாடுகளுக்கு உப்பு கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

பதினோரு வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை குடைக்காரர் வந்து, தன் ஆடு ஒன்று சிவப்பாக மூத்திரம் போகிறது என்றார். கடைக்காரர் அதைச் சூடு என்றார். நிழலில் கட்டுங்கள், தண்ணீர் நிறையக் காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார். புதன்கிழமை காலை குடைக்காரர் மறுபடி வந்தார். ஆடு முந்தின நாளே செத்துவிட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரர் பக்கம் குனிந்து, ரகசியம் போலப் பேசினார். டாக்டரம்மா ஆட்டை அறுத்துப் பார்த்தாராம். உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்ததாம், சிறுநீரகம் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்ததாம். செம்புச் சத்து மிதமிஞ்சி ஏறிச் செத்திருக்கிறது என்றாராம்.

"மாட்டு உப்பு எதுவும் குடுத்தீங்களான்னு நாலு தடவை கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு சாதிச்சுட்டேன்," என்றார் குடைக்காரர். "உங்க பேரை நடுவுல இழுத்துவிட எனக்கென்ன பைத்தியமா?"

பெரிய உதவி ஒன்றைச் செய்துவிட்ட திருப்தியோடு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் எழுந்தார். பின்னறைக்குப் போனார். தவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, அடியில் கிடந்த பிரிக்காத மூட்டையை வெளியே இழுத்தார். முன்பக்கத்தில் கொழுத்த மாட்டின் படம். அதை மூன்று வருஷமாகப் பார்க்கிறார். பின்பக்கத்தை அவர் படித்ததே இல்லை. அவிழ்த்துத் தூளைக் கொட்டிக்கொண்டால், சாக்கு கால் துடைக்கத்தானே போகிறது? மூட்டையைப் புரட்டினார். தையலுக்கு மேலே சின்னதாக ஒரு கட்டம். அதற்குள் கலந்திருக்கும் பொருள்களின் பட்டியல், அதில் செம்பு. கட்டத்துக்குக் கீழே சிவப்பில் ஒரே ஒரு வரி: செம்மறி ஆடுகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

அவருக்கு முதலில் வந்தது தங்கையைப் பற்றிய எண்ணம் அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இது வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்பதுதான் முதலில் வந்தது. தங்கை இரண்டாவதாக வந்தாள். ஆனால் வந்தவள் போகவில்லை. எழுபத்தேழு நாள். முப்பத்தொரு ஆடு. அவர் அந்தத் தவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இடுப்பளவு செங்கல் சுவர், மேலே தகரம், நீளவாக்கில் மரத்தொட்டி. வயிறு தொங்கிய ஆடுகள் அசைபோட்டபடி வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றுக்கும் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. தங்கை தொட்டியில் தவிட்டைக் கொட்டிவிட்டு, பவுடர் டப்பாவின் மூடியில் உப்பை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. ஒரு நாள் தவறல," என்றாள். "நக்காம விட்டுடும்னு சொன்னியே, எங்க விடுது? தொட்டியைச் சுரண்டி நக்குதுங்க."

அவருக்கு அவள் கையிலிருந்த மூடியைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. மெதுவாக வாங்கி, மோந்து பார்க்கிற மாதிரி பாவனை செய்தார். சரக்கு கட்டி தட்டிப்போய்விட்டது, பழையது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, மீதமிருந்த கவர்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சாதாரண உப்பைக் கொடுத்தார். அவள் சரி என்றாள். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவாள். அண்ணனைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவளே சொன்னாள். இங்கே தரை ஈரமாக இருக்கிறது, குட்டிகளுக்கு ஆகாது; இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும்; வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரி சொல்லியிருக்கிறாள்; எல்லாவற்றையும் ஏற்றி மேட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிடப் போகிறாள். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிட்டார். கொடுப்பதை நிறுத்தியாயிற்று, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்கும் அவர்தானே அரை டாக்டர்?

வியாழக்கிழமை காலை தங்கையிடமிருந்து போன் வந்தது. ரெட்டைக்காரி தீனி எடுக்கவில்லை, தனியாக ஒதுங்கி நிற்கிறாள் என்றாள். மூன்று ஈற்றாக இரட்டைக் குட்டியே போட்டு வந்ததால் அந்த ஆட்டுக்கு அப்படிப் பெயர். டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள்.

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குட்டி போடும் காலத்தில் ஆடு அப்படித்தான் ஒதுங்கும், இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு என்றார். சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. அன்று முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம் யாருடையது என்று பார்த்த பிறகே எடுத்தார். கேட்டவர்களுக்குக் கேட்காத பொருளை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் குடைக்காரரின் இரண்டாவது ஆடும் செத்துவிட்டதாகச் சேதி வந்தது. வாயை மூடிக்கொண்டும் அவரால் இருக்க முடியவில்லை, சொல்லிவிடவும் முடியவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பாகக் கிடந்து பொழுதை விடியவிட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவர் மிதித்தது அன்றுதான். டாக்டரம்மா வருவதற்கு எட்டரை ஆயிற்று. வந்தவர் ஒரு நாயின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார். கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் விவரம் புரியாமல் தன் செம்மறி ஆடுகளுக்கு மாட்டு உப்பைக் கொடுத்துவிட்டார் என்றார். டாக்டரம்மாவின் கை நின்றது.

"எத்தனை நாளா?"

"பதினோரு வாரம். ஆனா முந்தாநேத்து நிறுத்தியாச்சு. நிறுத்திட்டா போதும்ல?"

"நிறுத்தினா இனிமே ஏறாது. ஏறினது எங்க போகும்?" என்றார் டாக்டரம்மா. "மாட்டுக்கு அந்தச் செம்பு வேணும். செம்மறிக்கு அது விஷம். அதால வெளியேத்த முடியாது. ஈரல்லயே சேத்து வெச்சுக்கும். வாரக்கணக்கா ஒண்ணும் தெரியாது. நல்லாத் தின்னும், நல்லா அசைபோடும், பாக்கறவங்க கண்ணுக்குக் கொழுகொழுன்னு இருக்கும்."

"அப்புறம்?"

"ஏதாவது ஒரு அதிர்ச்சி போதும். நாய் துரத்தினா, பட்டினி கிடந்தா, பயந்தா. ஈரல் அத்தனையையும் ஒரே மூச்சுல ரத்தத்துல கொட்டிடும். அதுக்கப்புறம் ரெண்டு நாள் தாங்கினா அதிகம்."

"வண்டியில ஏத்தினா?"

"சினை ஆட்டையா? ஏத்தி இறக்கறதுக்குள்ள பாதி விழுந்துடும்," என்ற டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "அந்தத் தெரிஞ்சவர் யாரு?"

சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது. கடைக்காரர் தங்கைக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆட்டுக்கு நடுவில் நிற்பவள் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

"என் தங்கச்சி ஆடுங்கம்மா. குடுத்தவன் நான்தான். ஒன்பது மணிக்கு லாரி வந்துடும்," என்றார். விலாசத்தைச் சொல்லும்போதே அவருக்குக் கால் வாசலுக்குத் திரும்பிவிட்டது.

டாக்டரம்மா பின்னாலிருந்து உரக்கச் சொன்னார். "நான் மருந்தோட வரேன். போங்க. ஆனா அங்க போய் ஓடாதீங்க. கத்தாதீங்க. அதுங்க உங்களைப் பாத்துப் பயந்துடக் கூடாது."

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். இன்ஜின் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. தெருக்கோடியில் லாரி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டிரைவர் ஒரு ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு ஆள் கோலை வைத்துக்கொண்டு மந்தையை நெருக்கிக்கொண்டிருந்தான். நாலு ஆடு ஏற்கெனவே மேலே நின்றன. அவருக்கும் லாரிக்கும் நடுவே நூறு தப்படி இருக்கும்.

நிறுத்து என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். கத்தினால் முப்பத்தொரு ஆடும் மிரளும். ஓடினால் அரை நிமிடத்தில் போய்விடலாம். ஓடுகிற காலடிச் சத்தத்தில் மந்தை கலையும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் நடந்தார். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவர் நடந்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணெதிரே ஐந்தாவது ஆட்டைப் பலகையில் ஏற்றினார்கள். அது காலை உதறிக்கொண்டு திமிறியது. ஒவ்வொரு உதறலும் அவர் நெஞ்சில் விழுந்தது. நூறு தப்படியும் கடக்க முடியாத தூரமாக நீண்டுகொண்டே போனது.

தங்கை அவரைப் பார்த்துவிட்டாள். நல்ல நேரத்துக்கு வந்தாய், இதைப் பிடி என்றாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் ஏற்ற வேண்டாம் என்றார்.

"என்னண்ணே? சத்தமாச் சொல்லு."

"சத்தமாச் சொல்ல முடியாது பாப்பா. கிட்ட வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க."

டிரைவரும் கோல்காரனும் என்னவோ ஏதோ என்று தலையை நீட்டினார்கள். நாலு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் குடுத்தது மாட்டு உப்பு. செம்மறிக்கு விஷம். மூட்டையிலயே எழுதியிருக்கு, நான் படிக்கல. எல்லா ஆட்டோட ஈரல்லயும் ஏறியிருக்கு. இப்ப மிரண்டுதுன்னா செத்துடும். எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கோல்காரன் கையிலிருந்த கோலைச் சத்தம் வராமல் சுவரோரம் சாய்த்து வைத்தான். தங்கை அண்ணனை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி, பலகையில் நின்ற ஆட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டரம்மா வந்து, லாரியில் இருக்கும் ஐந்தையும் பிடித்து இறக்க வேண்டாம் என்றார். பலகை கிடக்கட்டும், தொட்டியைக் கீழே வையுங்கள், அவையாக இறங்கட்டும். அடுத்த சவாரிக்கு நேரமாகிறது என்று காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்த டிரைவர், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சக்கரத்தடியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தபோதுகூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

ரெட்டைக்காரிக்கு அதற்குள் கண்ணிமை மஞ்சளாகியிருந்தது. டாக்டரம்மா முடிந்ததையெல்லாம் செய்தார். மூன்று மணிக்கு அது கால் நீட்டிப் படுத்தது. வயிற்றுக்குள் குட்டிகள் அசைவது வெளியே தெரிந்தது. முதலில் தாய் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து வயிறும் அடங்கியது. தங்கை அந்த வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொல் இல்லை. காலையில் ஒவ்வொரு ஆட்டின் வாயிலும் செம்பை இறக்கும் மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஆடு மிரளக் கூடாது. கண்ணிமையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூத்திரம் போகும்போதெல்லாம் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் பாத்திரம் உருட்டக் கூடாது, கதவை அறையக் கூடாது. தங்கையின் மகள் போனில்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசினாள். தெருவில் ஒரு நாய் குரைத்தால் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு நின்றது. இத்தனைக்கும் ஆடுகள் பாட்டுக்கு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. எது நல்ல ஆடு, எது நாளை விழப்போகும் ஆடு என்று பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு விழுந்தன.

கடைக்காரர் அந்த வெள்ளிக்கிழமையே குடைக்காரர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். கடையில் கவர் கட்டுவதை நிறுத்தினார். எந்த மருந்து கேட்டு வந்தாலும் சீட்டு எங்கே என்றார். சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டார். காலையும் சாயங்காலமும் தங்கை வீட்டுக்கு வந்து ஆடு பிடித்தார். அவள் இதைப் பிடி, அதை எடு என்பதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. அவருக்கு அவள் திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

சத்தே வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. போன வருஷம் குட்டிகள் விறைத்துச் செத்ததற்குக் காரணம் சத்துக் குறைவுதான் என்று அவரும் சொன்னார். ஆனால் எந்தச் சத்து, எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தால் குட்டி நிற்காது, கூடினால் தாயே நிற்காது. செம்மறிக்கென்றே செம்பு சேர்க்காத கலவை வேறு இருக்கிறது, அதையும் இனி நான் சொல்லும்போதுதான் தொட வேண்டும் என்றார். குட்டிகளுக்கு விட்டமின் ஈ, செலினியம் ஊசி கொண்டுவந்தார். அதையும் பிறந்த குட்டியைத் தராசில் வைத்து எடை பார்த்த பிறகுதான் போடுவேன் என்றார்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு முதல் ஆட்டுக்கு வலி வந்தது. வலியும் ஒரு அதிர்ச்சிதான் என்பது எல்லாருக்கும் தெரியும். தங்கை ஆட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கடைக்காரர் சுவரோரமாக நின்று, ஆட்டைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டே காலுக்குக் குட்டி விழுந்தது. தாய் எழுந்து நின்று, திரும்பி அதை நக்க ஆரம்பித்தது. அது விட்ட மூத்திரம் தெளிவாக இருந்தது. டாக்டரம்மா குட்டியை எடை பார்த்து, ஊசியில் துளியளவு மருந்து ஏற்றிப் போட்டார். குட்டி ஒரு முறை விழுந்து, இரண்டாம் முறை விழுந்து, நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. பிறகு தட்டுத் தடுமாறி நடந்துபோய்த் தாயின் காம்பைப் பிடித்தது.

கடைக்காரர் அழுதுவிட்டார். அப்போதும் சத்தம் வராமல்தான் அழுதார். டாக்டரம்மா கை கழுவ வெளியே போனதும், தங்கையின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடு பாப்பா. தெரியாமக் குடுத்துட்டேன்."

தங்கை குட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"தெரியாமக் குடுத்ததுக்கு எனக்குக் கோபமே இல்லண்ணே. படிக்காம நீ குடுத்தே, படிக்காம நான் வாங்கினேன். யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேக்காம, கேக்க சுலபமா இருந்தவனைக் கேட்டேன். அது என் தப்பும்தான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"ஆனா புதன்கிழமை சாயங்காலம் இங்க வந்து கவரை எடுத்துட்டுப் போனப்ப உனக்குத் தெரியும். வியாழக்கிழமை போன்ல நான் கேட்டப்பவும் தெரியும். டாக்டரைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னு சொன்னே. அன்னைக்கே மருந்து போயிருந்தா ரெட்டைக்காரி பொழச்சிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பொழச்சிருப்பாளா மாட்டாளான்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. தெரியாமச் செஞ்சது தப்பு. தப்புன்னு தெரிஞ்ச பிறகு, பேரு போயிடுமேன்னு ஒன்றரை நாள் வாயைத் திறக்காம இருந்தே பாரு, அதுக்குப் பேரு கொலைண்ணே."